அறைக்குள் கோல்ஃப் பழகுவோர் இலக்கைப் பார்த்து நிற்கக் கூடாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மைதானத்துக்குப் போக முடியாத நாட்களில் வீட்டிலேயே கோல்ஃப் பழகுவது எப்படி என்று தங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வந்த குறிப்பைப் படித்தோம். எழுதியவரின் நோக்கம் நல்லது. உடற்பயிற்சியையும் சேர்த்துச் சொன்னது அதைவிட நல்லது. ஆனால் அதிலுள்ள ஒரு வரி, நம்பிப் பழகுகிறவரின் ஆட்டத்தைக் கெடுத்துவிடும். பாதம், இடுப்பு, தோள் மூன்றும் இலக்கைப் பார்த்தபடி இருக்க வேண்டும் என்கிறது அந்த வரி. காலங்காலமாகப் பலர் சொல்லித் தருவதுதான். ஆனாலும் தவறு, நான்கு சுவருக்குள் அது பல மடங்கு பெரிய தவறு. அதைத் திருத்தவே கோல்ஃப் பயிற்சியாளர் ஒருவரும் இயன்முறை மருத்துவர் ஒருவரும் சேர்ந்து இதை எழுதுகிறோம். வலக்கை ஆட்டக்காரரை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறோம். இடக்கைக்காரர்கள் வலம் இடத்தை மாற்றிப் படித்துக்கொள்ளவும்.

இலக்கைப் பார்க்க வேண்டியது கிளப்பின் (கோல்ஃப் மட்டையின்) முகம், அதாவது பந்தில் படும் பரப்பு மட்டுமே. பந்திலிருந்து குழியில் நட்ட கொடிக்குப் போகும் கோடு ஒன்று, இரண்டு பாதங்களையும் தொட்டுச் செல்லும் கோடு இன்னொன்று. இரண்டும் தண்டவாளம் போலக் கடைசிவரை ஒட்டாமல் ஓட வேண்டும். இடுப்பும் தோளும் பாதக் கோட்டுக்கு இணையாக நிற்க வேண்டும். நடுத்தரத் தூரத்துக்கான 7-ஆம் எண் அயர்ன் கிளப்பைப் பிடித்து நிற்கையில் பந்துக்கும் கால்விரல் நுனிக்கும் நடுவே உத்தேசமாக 60, 65 சென்டிமீட்டர் இருக்கும். இந்த இடைவெளியில்தான் விஷயமே இருக்கிறது.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மைதானத்தில் கொடி 150 மீட்டர் தள்ளி இருக்கிறது. பாதக் கோட்டைக் கொடியை நோக்கியே திருப்பிவிட்டாலும், 65 சென்டிமீட்டர் இடைவெளியால் வரும் பிசகு கால் டிகிரிதான். யாருக்கும் தெரியப் போவதில்லை. அதே ஆள் வீட்டில் 4 மீட்டர் தள்ளிச் சுவரில் ஒரு காகிதத்தை ஒட்டி, அதை நோக்கிப் பாதத்தைத் திருப்பினால் பிசகு 9 டிகிரியைத் தாண்டிவிடுகிறது. 3 மீட்டர் அறையென்றால் 12 டிகிரி. தினமும் ஐம்பது முறை அப்படி நின்றால் அந்தக் கோணல்தான் நேர் என்று உடம்பு நம்பிவிடும். அந்த உடம்போடு மைதானத்துக்குப் போனால், 150 மீட்டரில் 9 டிகிரி என்பது கொடிக்கு வலப்பக்கம் ஏறத்தாழ 24 மீட்டர்.

மைதானத்தில் வேறொரு வழியில் இதே தவறு நுழைகிறது. கோல்ஃபில் இலக்கைப் பக்கவாட்டில் தலையைத் திருப்பித்தான் பார்க்க முடியும். குனிந்து நிற்கும்போது கண்கள் தோள்கோட்டுக்கு முன்னால், பந்தின் பக்கமாக இருக்கும். அங்கிருந்து பார்த்து, இடது தோளின் நுனி கொடியின் மேல் பொருந்துகிற மாதிரி நின்றால், உண்மையில் தோள்கோடு கொடிக்கு வலப்பக்கம் போய்க்கொண்டிருக்கும். சரியாக நிற்பவருக்குக் கொடி தோள்நுனிக்கு வலப்புறம் விலகித் தெரியும். முதல் சில நாள் இடப்பக்கம் பார்த்து நிற்பது போலவே தோன்றும். அந்தச் சங்கடத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். அது தவறின் அடையாளம் அல்ல.

இவ்வளவு வற்புறுத்திச் சொல்லக் காரணம் உண்டு. உடம்பு வலப்பக்கம் திரும்பி நிற்கும்போது கிளப்பும் இயல்பாக வலப்பக்கம்தான் வீசும். பந்து வலத்தே போவதைக் கண்ட ஆட்டக்காரர் தன்னை அறியாமலே டவுன்ஸ்விங்கின் (கிளப்பைப் பந்தை நோக்கி இறக்கும் வீச்சின்) தொடக்கத்தில் வலது தோளை முன்னால் தள்ளி, கிளப்பை இடப்பக்கம் இழுத்து அடிக்கப் பழகுகிறார். பந்து கிளம்பும் திசையைப் பெரும்பாலும் கிளப்பின் முகம் தீர்மானிக்கிறது. அது எந்தப் பக்கம் வளையும் என்பதை, முகம் பார்க்கும் திசைக்கும் கிளப் போகும் பாதைக்கும் உள்ள கோணம் தீர்மானிக்கிறது. ஆகவே அந்த இழுப்பில் முகம் பாதையோடு ஒத்துப்போன அன்று பந்து நேராக இடத்தே பாயும், முகம் சற்று வலத்தே திறந்திருந்த அன்று வலப்பக்கம் வளைந்து ஸ்லைஸ் ஆகும். பிறகு ஸ்லைஸுக்கு வைத்தியம் தேடிப் பிடியை மாற்றுவது, மணிக்கட்டை மாற்றுவது என்று கிளம்புகிறார்கள். ஸ்விங்கை, அதாவது வீச்சைச் சரிசெய்ததும் பந்து வலப்பக்கமே போகிறது, ஏனென்றால் நிற்பது இன்னும் வலப்பக்கம். ‘பழையபடி அடித்தாலே தேவலை’ என்று திரும்பிவிடுகிறார்கள். நிற்கும் திசையைத் திருத்தாமல் ஸ்விங்கைத் திருத்த முயல்வது இப்படித்தான் முடிகிறது.

இதைச் சரிசெய்ய வீட்டைவிடப் பொருத்தமான இடம் இல்லை. பந்து எங்கே போனது என்ற கவலை அங்கே கிடையாது. தரையிலோ நேர்கோடுகள் நிறைய உண்டு. ஓடு பதித்த தரையானால் அதன் இணைப்புக் கோடுகளே போதும். இல்லாவிட்டால் எளிதாக உரிந்துவரும் காகித டேப்பை 1.5 மீட்டர் நீளத்துக்கு இரண்டு இணை கோடுகளாக ஒட்டிக்கொள்ளலாம். இரண்டு முனைகளிலும் இடைவெளியை அளந்து பார்த்து ஒட்ட வேண்டும். ஒரு முனையில் 62, மறுமுனையில் 66 என்று விட்டால், அந்த 4 சென்டிமீட்டரே ஒன்றரை டிகிரி. பந்து வைக்கும் இடத்தில் மூன்றாவதாக ஒரு குறுக்குக் கோடு, சரியாகச் செங்கோணத்தில். அது பந்தின் இடத்தையும் காட்டும், கிளப்பின் முகத்தைப் பொருத்திப் பார்க்கவும் உதவும். அயர்ன் கிளப்பில் பொருத்த வேண்டியது தரையை ஒட்டியிருக்கும் கீழ்விளிம்பை. மேல்விளிம்பைப் பார்த்துப் பொருத்துகிறவர்களின் முகம் பெரும்பாலும் கோணலாகவே நிற்கும்.

கால்விரல் நுனிகளை டேப்பில் ஒட்டி நிற்பதில் ஒரு சூட்சுமம் உண்டு. இடது பாதத்தை 20, 30 டிகிரி வெளியே திருப்பி நிற்பது பலருக்கு நல்லது (ஏன் என்று பின்னால் சொல்கிறோம்). அப்படித் திருப்பினால் அந்தக் கால்விரல் டேப்பிலிருந்து பின்வாங்கும். அதை ஈடுகட்ட முழுப் பாதத்தையும் முன்னால் நகர்த்தினால் இடுப்பு வலப்பக்கம் திரும்பிவிடும். அதனால் சோதிக்க வேண்டியது குதிகால்களை. இரண்டு குதிகால்களும் கோட்டிலிருந்து ஒரே தூரத்தில் இருந்தால் போதும்.

பாதம் சரியாக இருந்தும் தோள் கோணலாக இருக்கலாம். பிடியில் வலக்கை இடக்கைக்குக் கீழே இருக்கிறது. அந்தக் கீழ்ப்பிடியை எட்ட வலது தோளைக் கீழே இறக்க வேண்டும். பலர் இறக்காமல் முன்னால் நீட்டிப் பிடிக்கிறார்கள். உடனே தோள்கோடு இடப்பக்கம் திரும்பிவிடுகிறது. பந்தை அளவுக்கு மீறி இடது காலுக்கு அருகில் வைத்தாலும் இதேதான் நடக்கும். வீட்டில் யாரையாவது ஒரு கம்பை உங்கள் இரண்டு முன்கைகளின் மேல் குறுக்கே வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கம்பு தரையிலுள்ள டேப்புக்கு இணையாக இருக்க வேண்டும். தொடைகளின் மேல் வைத்தால் இடுப்புக்கும் அதே சோதனை.

உதவிக்கு ஆள் இல்லையென்றால் கைப்பேசி போதும். ஆனால் அதை வைக்கும் இடத்தில்தான் முக்கால்வாசிப் பேர் ஏமாறுகிறார்கள். இலக்குக்கு எதிர்த்திசையில், உங்கள் வலப்பக்கமாக 2, 3 மீட்டர் தள்ளி, நீங்கள் நிற்கையில் கைகள் இருக்கும் உயரத்தில், கைகளுக்கு நேர் பின்னே, டேப்புக்கு இணையாகப் பார்க்கும்படி வையுங்கள். கேமரா சற்று இடப்பக்கமோ வலப்பக்கமோ நகர்ந்தால் சரியான ஸ்விங்கும் படத்தில் கோணலாகத் தெரியும். படத்தை நம்பி நல்லதைக் கெடுத்துக்கொள்ளக் கூடாது.

டேப்பின் மேல் கால்களை நட்டு வைத்து நூறு முறை வீசுவதால் நிற்கும் திசை பழகாது. அங்கே திசையைத் தேர்ந்தெடுப்பது டேப், நீங்கள் அல்ல. ஒவ்வொரு முறையும் கோட்டை விட்டு வெளியே வந்து, பந்துக்குப் பின்னால் போய் நின்று, மறுபடி முதலிலிருந்து வர வேண்டும். வரிசை இதுதான்: பின்னால் நின்று இலக்கைப் பார்ப்பது, பந்துக்கு அரை மீட்டர், ஒரு மீட்டர் முன்னால் அதே கோட்டில் ஒரு புள்ளியைப் பிடிப்பது, கிளப்பின் முகத்தை அந்தப் புள்ளிக்கு வைப்பது, அதன் பிறகே வலது பாதம், இடது பாதம், இலக்கை ஒருமுறை பார்த்துவிட்டு அடிப்பது. அமெரிக்க கோல்ஃப் மேதை ஜாக் நிக்லஸ் தம் ஆட்டக்காலம் முழுக்க இப்படிப் பந்துக்குச் சற்று முன்னே ஒரு புள்ளியைப் பிடித்து நின்றவர். 150 மீட்டர் தூரத்துக் கொடிக்கு முகத்தைப் பொருத்துவதைவிட, அருகிலிருக்கும் காய்ந்த இலைக்குப் பொருத்துவது கண்ணுக்கு எளிது. பாதத்தை முதலில் வைத்துவிட்டு முகத்தை அப்புறம் பொருத்துகிறவர்களுக்கு எந்தப் பயிற்சியும் உதவாது.

ஒரு வாரம் டேப்போடு பழகிய பின் டேப்பை எடுத்துவிடுங்கள். வெறும் தரையில் வரிசைப்படி வந்து நின்று, அசையாமல், குதிகால்களுக்குப் பின்னால் ஒரு கம்பைக் கிடத்திவிட்டு விலகிப் பாருங்கள். பத்தில் எத்தனை முறை இணையாக விழுந்தது என்று குறித்து வையுங்கள். ஏழுக்குக் கீழே இருந்தால் இன்னொரு வாரம் டேப்.

இங்கே போட்டி ஆடுகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. 2019 முதல் நடைமுறையில் உள்ள விதி 10.2ஆ-வின்படி, நிற்கும் திசையைப் பார்ப்பதற்காகக் கிளப்பையோ கம்பையோ தரையில் வைத்து அதன்படி நின்றாலே தண்டனை. அடிப்பதற்கு முன் அதை எடுத்துவிட்டாலும் தப்ப முடியாது. மொத்த அடிகளை எண்ணும் ஸ்ட்ரோக் ஆட்டத்தில் இரண்டு அடிகள் கூடும், குழிக்குக் குழி வெற்றி பார்க்கும் மேட்ச் ஆட்டத்தில் அந்தக் குழியே போய்விடும். ஏற்கெனவே கிடக்கும் இலையையோ புல்லின் நிறமாற்றத்தையோ புள்ளியாக எடுத்துக்கொள்வதற்குத் தடையில்லை. வீட்டில் புள்ளியைப் பிடித்துப் பழகச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

இனி ஸ்விங். டவுன்ஸ்விங் முழுவதும் ஏறத்தாழ கால் நொடியில் முடிந்துவிடுகிறது. அதற்குள் யோசித்துத் திருத்துவது நடக்காத காரியம். அதனால் வீட்டில் வேகமாக வீசிப் பயன் இல்லை. ஒரு முழு ஸ்விங்கை எண்ணி 10 நொடிக்கு இழுத்துச் செய்யுங்கள். கிளப்பின் தண்டு இடுப்பு உயரத்தில் தரைக்குச் சமமாக வரும் இடம் பேக்ஸ்விங்கில் (கிளப்பைப் பின்னால் தூக்கும் வீச்சில்) ஒன்று, டவுன்ஸ்விங்கில் ஒன்று. இரண்டிலும் நிறுத்திக் கீழே பாருங்கள். தண்டு தரையிலுள்ள டேப்போடு ஒத்துப்போக வேண்டும். பேக்ஸ்விங்கில் கிளப்பின் தலை உங்கள் முதுகுப் பக்கம் சுழன்றுவிட்டால் கைகள் மட்டும் ஓடியிருக்கின்றன, மார்பு திரும்பவில்லை. மெதுவாகச் செய்கையில் தடுமாறி விழப் பார்த்தால் எடை எந்தக் காலில் இருக்க வேண்டும் என்பது இன்னும் பிடிபடவில்லை. வேகம் இந்தக் குறைகளை மறைத்துவிடும், மெதுவான ஸ்விங் மறைக்காது. தாளத்துக்கு மூன்றுக்கு ஒன்று என்ற கணக்கு உதவும். பேக்ஸ்விங்குக்கு ‘ஒன்று, இரண்டு, மூன்று’, டவுன்ஸ்விங்குக்கு ‘அடி’. கைதேர்ந்த ஆட்டக்காரர்கள் பெரும்பாலோரின் விகிதம் இதையொட்டியே இருக்கிறது.

கிளப்பே தேவைப்படாத ஒரு பயிற்சியை எல்லோருக்கும் சொல்வோம். சுவருக்கு முதுகைக் காட்டி, ஆடும்போது குனிவது போல இடுப்பிலிருந்து குனிந்து, பின்புறம் சுவரில் லேசாகத் தொடும்படி நில்லுங்கள். கைகளை மார்பில் குறுக்காகக் கட்டிக்கொள்ளுங்கள். பேக்ஸ்விங் திரும்பும்போது வலது பின்புறம் சுவரை அழுத்த வேண்டும். டவுன்ஸ்விங் திரும்பும்போது அது விலகி, இடது பின்புறம் சுவரைத் தொட வேண்டும். இரண்டும் சேர்ந்து சுவரை விட்டு முன்னால் வந்தால், மைதானத்திலும் உங்கள் இடுப்பு பந்தை நோக்கிப் பாய்கிறது என்று பொருள். கைகளுக்கு இடமில்லாமல் போய், பந்து கிளப்பின் குதியிலோ நுனியிலோ படுவது இதனால்தான். பத்துப் பத்தாக இரண்டு சுற்று, தினமும்.

அறைக்குள் கிளப் வீசுகிறவர்கள் முதலில் மிக மெதுவாக ஒருமுறை சுழற்றி, கூரை, விளக்கு, மின்விசிறி எதிலும் படவில்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். குழந்தைகள் உள்ளே வர முடியாதபடி கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும். தொலைதூரம் அடிக்கும் டிரைவர் கிளப் ஏறத்தாழ 114 சென்டிமீட்டர் நீளம். அதை அறைக்குள் எடுக்கவே வேண்டாம். நிஜப் பந்தையும் முழு வீச்சில் அடிக்கக் கூடாது.

உடற்பயிற்சிக்கு வருவோம். தங்கள் குறிப்பு வயிற்றுத் தசைப் பயிற்சிகளை அடுக்கியிருந்தது. வயிற்றை இறுக்குவதற்கு முன் மேல்முதுகும் இடுப்பு மூட்டும் திரும்புகின்றனவா என்று பார்க்க வேண்டும். கீழ்முதுகு அதிகம் முறுக்கத் தகுந்த உறுப்பு அல்ல. அதன் எல்லா எலும்பும் சேர்ந்தே 10, 15 டிகிரிக்குமேல் பெரிதாகத் திரும்பாது. முழு பேக்ஸ்விங்கில் தோள் 90 டிகிரி திரும்புவதற்கான மிச்சமெல்லாம் மேல்முதுகிலிருந்தும் இடுப்பு மூட்டிலிருந்தும் வர வேண்டும். அவை இறுகிப்போயிருந்தால் ஆட்டக்காரர் கைகளைத் தூக்கியோ உடம்பைப் பக்கவாட்டில் சாய்த்தோ கணக்கைச் சரிக்கட்டுவார். கடைசியில் சுமை விழுவது கீழ்முதுகின் மேல். கோல்ஃப் ஆடுகிறவர்களுக்கு மிகுதியாக வரும் வலி முதுகுவலியாக இருப்பதில் ஆச்சரியமில்லை.

சோதனை எளிது. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, முழங்கால்களை ஒட்டி வைத்து, மார்பின் குறுக்கே ஒரு கம்பை அணைத்துக்கொண்டு இருபுறமும் திரும்புங்கள். முழங்கால் நகராமல் 45 டிகிரி திரும்ப முடிந்தால் மேல்முதுகு நன்றாக இருக்கிறது. அப்படியே உட்கார்ந்து, முழங்கால்களுக்கு நடுவே ஒரு சிறு தலையணையை வைத்து, ஒரு பாதத்தை மட்டும் வெளிப்பக்கமாக நகர்த்துங்கள். அது இடுப்பு மூட்டு உட்பக்கம் எவ்வளவு சுழலும் என்று காட்டும். இரண்டு பக்கத்துக்கும் பெரிய வித்தியாசம் தெரிந்தால் குறைந்த பக்கத்தில் கவனம் தேவை. இடது இடுப்பு குறைவாகச் சுழல்பவருக்கு அடித்து முடிக்கும்போது திரும்ப இடமிருக்காது. அவருக்குத்தான் இடது பாதத்தை வெளியே திருப்பி நிற்கச் சொன்னோம். மூட்டு இளகும்வரை அது கைகொடுக்கும், இளகாவிட்டாலும் பரவாயில்லை.

மேல்முதுகுக்கு: ஒருக்களித்துப் படுத்து, முழங்கால்களை 90 டிகிரி மடக்கி, மேல்கையைப் புத்தகம் திறப்பது போல மறுபுறம் கொண்டுபோவது, பக்கத்துக்கு 8 முறை, மூச்சை வெளியே விட்டபடி. மேல் முழங்கால் தூக்கிக்கொண்டால் இடுப்புதான் திரும்புகிறது, பயனில்லை. இடுப்புக்கு: தரையில் உட்கார்ந்து இரண்டு கால்களையும் 90 டிகிரி மடக்கி இடம் வலமாகச் சாய்ப்பது, பக்கத்துக்கு 6. இவை தினமும் பத்து நிமிடம். பலத்துக்கு வாரம் இரண்டு நாள், நடுவே ஒரு நாளாவது இடைவெளி விட்டு: மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்கி 3 நொடி நிறுத்துவது 12 முறை, இரண்டு சுற்று, ஒரு காலை முன்னும் ஒரு காலைப் பின்னும் வைத்து இறங்கி எழுவது பக்கத்துக்கு 8, இரண்டு சுற்று, பக்கவாட்டுப் பிளாங்க் (ஒரு முழங்கையை ஊன்றி உடம்பைப் பக்கவாட்டில் நேராக நிறுத்துவது) பக்கத்துக்கு 20 நொடி, மூன்று சுற்று. பல் துலக்கும்போது ஒற்றைக் காலில் 30 நொடி நிற்பதை இதோடு சேர்த்துக்கொள்ளலாம். அடிக்கப் போகும் முன் ஒரே தசையை ஒரு நிமிடத்துக்குமேல் இழுத்துப் பிடித்து நிற்பதைத் தவிருங்கள், விசை தற்காலிகமாகக் குறையும். அந்த நேரத்தில் கை கால்களைச் சுழற்றுவதும் எதிர்ப்பக்கமாகப் பத்து முறை மெதுவாக வீசுவதுமே நல்லது. வலி முதுகிலிருந்து காலுக்கு இறங்கினாலோ கால் மரத்தாலோ பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

பட்டிங் (குழியை நோக்கிப் பந்தைத் தரையில் உருட்டி அடிப்பது) பற்றித் தங்கள் குறிப்பில் ஒன்றும் இல்லை. அறைக்குள் நிஜப் பந்தோடு நிஜமாகவே ஆடிப் பழகக்கூடியது அது ஒன்றுதான். குழியின் விட்டம் 108 மில்லிமீட்டர். நேரான தரையில் 3 மீட்டரிலிருந்து ஒரு டிகிரி பிசகினால் பந்து நடுக்கோட்டிலிருந்து 5.2 சென்டிமீட்டர் விலகி, குழியின் விளிம்பில் நிற்கும். ஒரு மீட்டர் நீள எஃகு அளவுகோலைச் சமமான தரையில் வைத்து, அதன் ஒரு முனையிலிருந்து பந்தை உருட்டுங்கள். மறுமுனைவரை விழாமல் போனால் முகம் நேராக இருந்தது. 30 சென்டிமீட்டருக்குள் விழுந்தால், விழுந்த பக்கத்தில்தான் முகம் திரும்பியிருந்தது. குனிந்து நிற்கும்போது மூக்கின் மேல்முனையிலிருந்து இன்னொரு பந்தை நழுவவிட்டால் அது தரைப் பந்தின் மேலோ அதற்குச் சற்று உட்புறமோ (உங்கள் பாதத்தின் பக்கமாக) விழ வேண்டும். வெளிப்புறம் விழுந்தால் கோடு கண்ணுக்கே கோணலாகத் தெரியும். இங்கேயும் பாதம் குழியைப் பார்க்கக் கூடாது. தூரம் குறையக் குறைய அந்தத் தவறு பெருகும் என்ற மேற்படிக் கணக்கு இதற்கும் பொருந்தும்.

அந்தக் குறிப்போடு வெளியான படத்திலும் ஆட்டக்காரரின் பாதத்திலிருந்து ஒரு அம்பு நேராகக் கொடிக்குப் போகிறது. படித்ததைவிடப் பார்த்தது மனத்தில் நிற்கும். ஆகவே திருத்தம் வெளியிடும்போது, பந்திலிருந்து கொடிக்கு ஒரு கோடும் அதற்கு இடப்பக்கம் இணையாகப் பாதங்களுக்கு ஒரு கோடுமாக அந்தப் படத்தை மாற்றி வரைந்து வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கோல்ஃப் பயிற்சியாளர் ஒருவர்
இயன்முறை மருத்துவர் ஒருவர்